மெயினை அணைத்துவிட்டுப் பேசுங்கள்

செப்டம்பர் 2, செவ்வாய்

அறிவிப்பு அச்சாகி வந்துவிட்டது. என் மேஜையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி: “கரண்ட் போனால் உங்கள் வீட்டு ஃபோனும் போகும். பேட்டரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.” சட்டப் பிரிவு அதை வாங்கிப் போய் ஊட்டி வளர்த்து இரண்டு பக்கமாகத் திருப்பித் தந்திருக்கிறது. “மின்வழங்கல் தடைப்படும் நேர்வுகளில் குரல்வழிச் சேவையின் தொடர்ச்சி உறுதி செய்யப்படமாட்டாது என்பதை இதன்மூலம்...” இதைப் படித்து முடிப்பதற்குள் போன கரண்ட் திரும்பி வந்துவிடும்.

விஷயம் எளிமையானதுதான். பழைய செம்புக் கம்பி இருந்தபோது ஃபோனுக்கு வேண்டிய கரண்ட் எங்கள் டெலிஃபோன் நிலையத்திலிருந்தே கம்பி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் ஃபோன் மணியடிக்கும். இப்போது கண்ணாடி இழை. இன்டர்நெட் பறக்கிறது. ஆனால் சுவரில் மாட்டுகிற பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். அது போனால் இன்டர்நெட்டோடு ஃபோனும் சேர்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். அதற்குத்தான் பேட்டரிப் பெட்டி. இன்டர்நெட்டுக்கு உதவாது, ஃபோனை மட்டும் சில மணி நேரம் உயிரோடு வைத்திருக்கும்.

வாடிக்கையாளர் தகவல் பிரிவு என்று அறைக் கதவில் எழுதியிருக்கிறது. உள்ளே நான் ஒருத்தி.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆபீஸ் முடிந்து தங்கை வீட்டுக்குப் போனேன். அறிவிப்பு அவளுக்கும் வந்திருக்கிறது. நான்காக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறாள்.

“நல்ல காகிதம்க்கா. மேஜை இப்ப அசையவே மாட்டேங்குது.”

அவளுக்கு அது முக்கியம். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை, வீட்டிலிருந்தே. ஏழாவது மாதத்தில் வயிறு மேஜை விளிம்பில் இடிக்கிறது. நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்து கோடு இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுபடியும் கேட்டேன். என் வீட்டுக்கு வந்துவிடு. மாப்பிள்ளை கப்பலிலிருந்து நவம்பர் நடுவில்தான் வருவார். அதுவரை தனியாக எதற்கு? அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். வேலை கெடும், மேஜை வேண்டும், உன் வீட்டில் நீ என்னை மூச்சு விடவிடமாட்டாய். கடைசிக் காரணம்தான் உண்மையான காரணம். எனக்கும் தெரியும்.

ஆனால் பயமாக இருக்கிறது. அவள் வீடு பழைய கல் குவாரிப் பள்ளத்தில், சாலையின் கடைசியில். செல்ஃபோன் சிக்னல் மொட்டை மாடியின் ஒரு மூலையில் மட்டும் கிடைக்கும். படியேறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பகலில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். போன தடவை வலி வந்து, யாரையும் கூப்பிட முடியாமல் போய், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரமாகி... அதை இங்கே எழுத வேண்டாம். அந்தக் குழந்தை இருந்திருந்தால் இப்போது நடை வந்திருக்கும்.

கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். அவள் அங்கேயே இருக்கலாம். ஆனால் வீட்டு ஃபோன் எந்நேரமும் வேலை செய்ய வேண்டும். பேட்டரிப் பெட்டி நாளையே வரும்.

“அதை மாட்டிட்டா வாயை மூடிக்குவியா?”

“மூடிக்குவேன்.”

செப்டம்பர் 6, சனி

பேட்டரி மாட்டியாயிற்று. ஏணியே நேரில் போனார். எங்கள் லைன் டெக்னீஷியன். ஆளும் ஏணி உயரம், தோளிலும் எப்போதும் ஏணி, வேறு பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். “பச்சை விளக்கு எரியுது மேடம், இனிமே கவலையே வேணாம்” என்றார். நானும் கவலைப்படவில்லை. நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அறிவிப்பை எஸ்.எம்.எஸ். ஆகவும் அனுப்பியிருக்கிறார்கள். செல்ஃபோன் இல்லாமல் வீட்டு ஃபோன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் அனுப்பியாயிற்றாம். எந்த எண்ணுக்கு என்று கேட்டேன். வீட்டு ஃபோன் எண்ணுக்கு!

தலையில் அடித்துக்கொண்டேன். “போகலைன்னு பதில் வரலையே மேடம்” என்றார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

குவாரி சாலைப் பக்கம் பராமரிப்புக்காக இன்று பகலில் மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தது. பேட்டரி வைத்துக் கொடுத்த பெருமையை அனுபவிக்கலாம் என்று மதியம் தங்கைக்கு ஃபோன் போட்டேன். “பாத்தியா, கரண்ட் இல்லாமயும் பேசறோம்” என்று சொல்லிக்காட்ட வேண்டும். அவ்வளவு அல்ப ஆசை.

மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். இப்போதும் எடுக்கவில்லை. பேட்டரி இருக்கே... பச்சை விளக்கு எரியுதுன்னாரே... அப்ப ஏன் எடுக்க மாட்டேங்கறா? எடுக்க மாட்டேங்கறாளா, எடுக்க முடியலையா?

பையைக்கூட எடுக்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வழியெல்லாம் என்னென்னவோ நினைப்பு. என்னிடம் உள்ள சாவியால் திறந்து உள்ளே போனால், மகாராணி ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு மாடிப்படிக்கு அளவு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

“என்னக்கா, இந்த நேரத்துல? முகமெல்லாம் என்ன இப்படி?”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யார் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியது!

அப்புறம்தான் ஃபோனைப் பார்த்தேன். சுவரில் பேட்டரிப் பெட்டி, பச்சை விளக்கு, எல்லாம் ஜோராக இருக்கிறது. கீழே கார்ட்லெஸ் ஃபோன், அதன் அடித்தட்டு கறுத்துக் கிடக்கிறது. அதற்குத் தனி பிளக். அது பேட்டரியில் இல்லை, சுவர்க் கரண்டில். லைன் உயிரோடு இருக்கிறது, பேசுகிற கருவி செத்துக் கிடக்கிறது.

அந்தக் கார்ட்லெஸ் ஃபோன் எங்கள் கம்பெனி கொடுத்தது. புது இணைப்பு வாங்குகிற எல்லோருக்கும் இலவசம். கட்டணத்தைக் கூட்டாமல் ஒரு கையில் பேட்டரியைக் கொடுத்து, இன்னொரு கையால் அதைப் பயனில்லாமல் செய்கிற பொருளைப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நான் எழுதிய இரண்டு வரியிலும் இது இல்லை. சட்டப் பிரிவின் இரண்டு பக்கத்திலும் இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

ஏணியிடம் கேட்டேன். மாட்டிய பிறகு மெயினை அணைத்துவிட்டுப் பேசிப் பார்ப்பீர்களா? “பச்சை விளக்கு வருதான்னு பாப்போம், கையெழுத்து வாங்குவோம், கிளம்பிருவோம் மேடம். மெயினை அணைச்சா வீட்டுக்காரங்க திட்டுவாங்க.” சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பிறகு, “எங்க வீட்லயும் அந்த ஃபோன்தான்” என்றார்.

மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இலவச ஃபோன் அவருடைய யோசனை. அதற்காக அவர் படம் கம்பெனி இதழில் வந்திருக்கிறது. ஃபிரேம் போட்டு முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்.

“அறிவிப்பு அனுப்பியாச்சு. சட்டப்படி நம்ம கடமை முடிஞ்சுது.”

“சட்டப்படி முடிஞ்சுது சார். ஃபோன்படி முடியலை.”

நான் கேட்டது இதுதான். வாடிக்கையாளர்களை அவர்கள் வீட்டு ஃபோனில் கூப்பிடுவோம். பேசிக்கொண்டிருக்கும்போதே மெயினை அணைக்கச் சொல்வோம். பேச்சு அறுந்தால் அந்த வீட்டில் கோளாறு, அறுந்துபோகாவிட்டால் சரி. இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? எந்த அறிவிப்பும் சொல்லாததை அந்த நொடி சொல்லிவிடும்.

“முன்பின் தெரியாத பொம்பளை ஃபோன் பண்ணி மெயினை அணைன்னு சொன்னா, திருட்டுக் கும்பல்னு போலீசுக்குப் போவாங்கம்மா.”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்தே செய்தேன். மேனேஜர் அறையில், அவர் எதிரிலேயே, ஸ்பீக்கரில் அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். நல்ல மனுஷி.

“அம்மா, கம்பெனியிலேர்ந்து பேசறேன். சார் இங்கதான் இருக்கார். ஒரு சின்ன சோதனை. ஃபோனை வைக்காம, மெயினை மட்டும் அணைக்க முடியுமா?”

“இவர் சொன்னா வீட்டையே அணைச்சிருவேம்மா” என்று சிரித்துக்கொண்டே போனார். செருப்புச் சத்தம், ஒரு கதவு, ஒரு ‘டக்’.

அவ்வளவுதான். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

மேனேஜர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் பேட்டரி உண்டு, பச்சை விளக்கும் உண்டு. கொஞ்ச நேரம் கழித்து அவர் செல்ஃபோன் அடித்தது. அங்கிருந்து வந்தது எனக்கே கேட்டது: “மெயினை அணைக்கச் சொல்லிட்டு நீங்களே ஃபோனை வெச்சா எப்படி?”

“நான் வைக்கலைம்மா” என்றார் மெதுவாக.

பிறகு என்னிடம்: “குவாரி சாலை மட்டும். அங்க பண்ணிப் பாருங்க. ஒழுங்கா நடந்தா மத்த பகுதியும் பாக்கலாம்.” மனுஷர் மோசமில்லை. அந்தப் பக்கம் எத்தனை பேருக்கு அம்மா, அப்பா, அக்கா தங்கை இருப்பார்கள் என்று யோசித்திருப்பார். இல்லை, மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்திருப்பார். எதுவானால் என்ன.

செப்டம்பர் 24, புதன்

பழைய ஃபோனுக்கு எங்கே போவது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். சுவர்க் கரண்ட் வேண்டாத, வயர் வைத்த சாதாரண ஃபோன். இப்போது கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். ஏணிதான் ஞாபகப்படுத்தினார்: செம்புக் கம்பியைக் கழற்றியபோது வீடு வீடாகத் திருப்பி வாங்கிய ஃபோன்கள் எல்லாம் எங்கள் கிடங்கிலேயே கிடக்கின்றன. கழிவு எடுக்க ஆள் வரவில்லை. நல்ல வேளை, எங்கள் ஆபீஸின் சோம்பேறித்தனம் ஒருமுறையாவது உபயோகப்பட்டது.

மதியம் முழுக்க இருவரும் துடைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டு வாசனை. ஒன்றில் பவுடர், ஒன்றில் சிகரெட், ஒன்றின் அடியில் யாரோ ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர்.

செப்டம்பர் 26, வெள்ளி

முதல் நாள் சோதனை அழைப்பு. மூக்குடைபட்டேன். மெயின் என்ற வார்த்தையைக் கேட்டதும் படீர் படீரென்று வைத்துவிடுகிறார்கள். ஒரு அம்மா, “உன் அம்மாகிட்ட சொல்லு, அவங்க மெயினை அணைக்கட்டும்” என்றார். ஒருவர் உண்மையிலேயே போலீஸ் என்று மிரட்டினார். மேனேஜர் அறைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

இன்று ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குவாரி சாலையின் நடுவில் வீடு. மனைவியும் அவரும் மட்டும்.

“நீங்க கம்பெனின்னு சொல்றீங்க. அதுக்கு என்ன சாட்சி?”

“உங்க வாடிக்கையாளர் எண்ணைச் சொல்றேன் சார்.”

“அது திருடனுக்கும் தெரிஞ்சிருக்கலாம்.”

“என்ன செஞ்சா நம்புவீங்க?”

“நான் என்ன செய்வேன்னா, இப்ப ஃபோனை வெச்சுருவேன். பில்லுல அச்சடிச்ச நம்பருக்கு நானே கூப்பிடுவேன். அங்க நீங்க எடுத்தா, நீங்க நீங்கதான்.”

வைத்தார். கூப்பிட்டார். எடுத்தேன். “ஆங், நீங்கதான்” என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு மெயினை அணைக்கப் போனார். லைன் அறுந்தது. சாயங்காலமே ஏணி அவர் வீட்டுக்கு வயர் ஃபோன் கொண்டுபோனார்.

எனக்கு இது ஏன் தோன்றவில்லை? நாளையிலிருந்து எல்லோரிடமும் முதலிலேயே சொல்லப் போகிறேன்: என்னை நம்பாதீர்கள். வைத்துவிட்டு, பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

நடக்கிறது! கூப்பிடுகிறார்கள்!

அக்டோபர் 9, வியாழன்

குவாரி சாலையில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் பேச்சு அறுந்தது. ஒரு வீட்டில் மட்டும் அறுந்துபோகவில்லை. எப்படி என்று விசாரித்தால், அவர்கள் மெயின் என்று நினைத்துக் குளியலறை விளக்கை அணைத்திருக்கிறார்கள். மறுபடி செய்தோம். அறுந்தது.

ஏணி தினமும் சாக்கு மூட்டையோடு வண்டியில் கிளம்புகிறார். மாட்டி முடித்ததும் அங்கிருந்தே எனக்கு அழைப்பு வரும். பின்னணியில் ‘டக்’. அப்புறம் வீட்டுக்காரர்களின் குரல், கொஞ்சம் ஆச்சரியத்தோடு: “கேக்குதே!” இந்த ஒரு வார்த்தையை நாள் முழுக்கக் கேட்டாலும் சலிக்கவில்லை.

எனக்கு மெயின் அம்மா என்று பெயர் வைத்துவிட்டார்களாம். என் வீட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டின்போது, “மெயின் அம்மா, அந்தத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினா கும்பிட்டுக்குவேன்” என்கிறார்.

அக்டோபர் 12, ஞாயிறு

தங்கைக்கு நானே ஃபோன் எடுத்துப்போனேன். கிடங்கிலேயே கனமானது, சிவப்பு நிறம். ஏணியிடம் சொல்லி வயரை மட்டும் நீளமாகப் போடச் சொன்னேன், படுக்கை வரை வர வேண்டும் என்று. அவள் பார்த்துவிட்டு, “என்னைக் கட்டிப்போடத்தானே இவ்வளவு நீளம்?” என்றாள். கார்ட்லெஸ்ஸை விடமாட்டாளாம், வீடெல்லாம் நடந்துகொண்டே பேச வசதியாம். இரண்டும் இருக்கட்டும் என்றேன்.

மெயினை அணைத்தோம். படுக்கையில் உட்கார்ந்தபடியே ஆபீஸ் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது. ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. அந்த மணிச் சத்தத்தை ரிசீவரில் காது வைத்து இருவரும் கேட்டோம், என்னவோ பாட்டுக் கேட்பது போல. அவள் வயிறு என் கைமுட்டியில் இடித்தது. உள்ளே இருந்து ஒரு உதை.

பிறகு பாடம் நடத்தினேன். வலி வந்தால் முதலில் என் மேஜை எண். நான் ஆம்புலன்ஸை அனுப்புவேன், டாக்டருக்குச் சொல்வேன், நானும் வருவேன். திரும்பச் சொல் என்றேன். “முதல்ல அக்கா. ரெண்டாவது அக்கா. மூணாவதும் அக்கா” என்றாள். கொழுப்பு.

அக்டோபர் 17, வெள்ளி

மேனேஜர் குவாரி சாலைக் கணக்கைப் பார்த்தார். மற்ற பகுதிகளையும் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். இன்னொரு இருக்கையும் ஆளும் தருகிறாராம். இலவசக் கார்ட்லெஸ் திட்டம் நிற்காது, ஆனால் கூடவே ஒரு வயர் ஃபோனும் போகும். ஃபிரேம் போட்ட படம் அப்படியே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 30, வியாழன்

மழை. தங்கை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தாள், எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நவம்பர் கடைசியில்தான் பிரசவம். மாப்பிள்ளை வருவதற்குள் எதுவும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும்.

நேற்றுக் காலையிலிருந்தே காற்று. பத்து மணிக்கு மேல் புயல் மாதிரி ஆகிவிட்டது. குவாரி சாலையில் மரம் விழுந்து கம்பங்கள் சாய்ந்து, அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் போனது. எங்கள் கண்ணாடி இழை பூமிக்கு அடியில் போவதால் தப்பித்தது. திரையில் பார்த்தேன், வீட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பேட்டரிக்கு மாறிக்கொண்டிருந்தன. சந்தோஷத்தில் எழுந்து நின்றேன்.

அப்போது அடிக்க ஆரம்பித்தது.

பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள் என்று சாலை முழுவதற்கும் சொல்லிக்கொடுத்தது யார்? நான். அதைத்தான் செய்தார்கள். “மெயின் அம்மாவா? கரண்ட் இல்லை, ஆனா கேக்குது பாருங்க!” இதைச் சொல்வதற்காகவே கூப்பிட்டார்கள். குளியலறை விளக்கு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். போலீஸ் என்று மிரட்டியவர் கூப்பிட்டார். புது இருக்கைப் பெண்ணுக்குக் காய்ச்சல், லீவு. எல்லா அழைப்பும் என் மேஜைக்கே வந்தது. நீதிமன்ற எழுத்தர், புயல் ஆரம்பித்ததிலிருந்து நடந்ததை எல்லாம் வாக்குமூலம் மாதிரி வரிசையாகச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

மதியம் கொஞ்சம் ஓய்ந்ததும் தங்கைக்குப் போட்டேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மறுபடி. மணி அடிக்கிறது. எடுக்க ஆளில்லை.

லைன் உயிரோடதான் இருக்கு. அப்ப அவ? நான்தானே சொன்னேன், முதல்ல எனக்குப் போடுன்னு. நான்தானே சொன்னேன். நான் அந்த எழுத்தரோட கதை கேட்டுட்டு உக்காந்திருந்தேனே. அவ போட்டிருப்பா. என்கேஜ்டுன்னு வந்திருக்கும். ஊரைக் காப்பாத்தறேன்னு என் வீட்டு ஃபோனை நானே அடைச்சுட்டேனே—

வண்டிச் சாவியைத் தேடினேன். கண் தெரியவில்லை. சாவி கையில்தான் இருந்தது. வாசலுக்கு ஓடும்போது செல்ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

“அக்கா.”

செல்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அக்கா, ஆஸ்பத்திரி ஃபோன்லேர்ந்து பேசறேன். பொண்ணு. கொஞ்சம் சின்னதா இருக்கா, ஆனா நல்லா இருக்கா. கத்தறா பாரு, உன்னை மாதிரியே.”

ஆபீஸ் வாசல் படியில் உட்கார்ந்தேன். மழைச் சாரல் முகத்தில் அடித்தது. யாரோ என்னைத் தாண்டிப் போனார்கள். அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது. காலையில் வலி தொடங்கியிருக்கிறது. கார்ட்லெஸ்ஸை எடுத்திருக்கிறாள், செத்துக் கிடந்தது. சிவப்பு ஃபோனை எடுத்தாள், உயிர் இருந்தது. என் எண்ணைப் போட்டாள். என்கேஜ்டு. மறுபடி போட்டாள். என்கேஜ்டு.

“அப்புறம்?”

“அப்புறம் யோசிச்சேன். உனக்குப் போட்டா நீயும் ஆம்புலன்ஸுக்குத்தானே போடப் போறே? நானே போட்டுட்டேன்.”

ஆம்புலன்ஸில் பேசியவர் லைனை வைக்க விடவில்லையாம். மரம் விழுந்ததால் வண்டி சுற்றி வர வேண்டியிருந்தது. வந்து சேரும் வரை அவளிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். எப்படிப் படுப்பது, எப்படி மூச்சு விடுவது, கதவைத் திறந்து வை, வெளிச்சம் எந்தப் பக்கம். அவ்வளவு நேரமும் பேச்சு அறுந்துபோகவில்லை. வயர் படுக்கை வரைக்கும் வந்ததாம்.

“அந்த நாய்ச் சங்கிலி நல்ல நீளம்க்கா” என்றாள்.

வலித்தது, ஒப்புக்கொள்கிறேன். நான் இல்லாமலே எல்லாம் நடந்துவிட்டது. முதலில் அக்கா, இரண்டாவதும் அக்கா என்று நான் போட்ட பாடத்தை அவள் தூக்கி எறிந்துவிட்டுச் சரியானதைச் செய்திருக்கிறாள். நான் பாதுகாத்தது அவளை அல்ல, அவள் ஃபோனை மட்டும்தான். மிச்சத்தை அவளே பார்த்துக்கொண்டாள். குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். ரிசீவரைவிடக் கொஞ்சம்தான் கனம்.

நவம்பர் 10, திங்கள்

மேனேஜர் புது அறிவிப்பு எழுதச் சொன்னார். சட்டப் பிரிவு பார்க்குமா என்று கேட்டேன். “பாக்கட்டும். உங்க வரிகளை மட்டும் மேல பெரிய எழுத்துல போடச் சொல்லிட்டேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன்: “உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு எங்களுக்கு ஃபோன் செய்யுங்கள். கேட்டால் சரி. கேட்காவிட்டால் நாங்கள் வருகிறோம்.” யோசித்துவிட்டு இன்னொரு வரி சேர்த்தேன்: “அவசரம் என்றால் எங்களை அல்ல, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.”

நவம்பர் 16, ஞாயிறு

மாப்பிள்ளை வந்துவிட்டார். குழந்தையைத் தூக்கத் தெரியாமல் தட்டில் ஏந்துவது போல வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர்கள் குவாரி சாலை வீட்டுக்கே போகிறார்கள். என் வீட்டுக்கு வா என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கண்டும் காணாதது போல என் தோளில் தட்டினார்.

டிசம்பர் 5, வெள்ளி

மாலை ஆபீஸை மூடும் நேரத்தில் மேஜை ஃபோன் அடித்தது. பில்லில் உள்ள எண் வழியாகத்தான் வந்தது, அதனால் வழக்கமான குரலில் கம்பெனி பெயரைச் சொன்னேன்.

“மெயின் அம்மாவா? குவாரி சாலை, கடைசி வீடு. மாசச் சோதனைக்குக் கூப்பிடறேன்.”

“சொல்லுங்கம்மா” என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இப்ப மெயினை அணைக்கப் போறார். வைக்காம இரு.”

மாப்பிள்ளையின் காலடிச் சத்தம், ஒரு ‘டக்’. பிறகு எதுவும் கேட்கவில்லை. ஒரு கணம் என் மூச்சு நின்றது, இன்னமும் நிற்கிறது, என்ன செய்ய. அதன் பிறகு வெளிச்சம் போன கோபத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. தங்கை ரிசீவரை அதன் வாயருகே கொண்டுபோயிருக்க வேண்டும், என் காது அடைத்துக்கொண்டது.

“அக்கா, கேக்குதா?”

“கேக்குது” என்றேன். “அணைச்சே இருக்கட்டும், கொஞ்ச நேரம் பேசுவோம்.”